டெங்குக்குக் கிவி கொடுத்தா பிளேட்லெட் ஏறுமா? கல்லா இருக்குற பழத்தை வாங்கலாமா?

அக்டோபர் 21, மாலை (வாசகர் கேள்வி)

காரைக்குடியில இருந்து எழுதுறேன். பெரியவனுக்கு டெங்குன்னு ரத்தப் பரிசோதனையில வந்துருச்சு. பிளேட்லெட் 90 ஆயிரம். பக்கத்து வீட்டு ஆச்சி, "தெனம் நாலு கிவி கொடு, மறுநாளே ஏறிரும்"ங்கிறாக. கடையில மூணு பழம் போட்ட டப்பா 150 ரூபாய் சொல்றான். தொட்டுப் பார்த்தா கல்லாட்டம் இருக்கு. வாங்கலாமா? நல்ல பழம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அக்டோபர் 21, இரவு

கிவி கொடுங்க, தப்பில்ல. பிளேட்லெட்டை ஏத்தும்னு நம்பிக் கொடுக்காதீக. அப்படி ஏத்துதுன்னு சொல்ல உறுதியான ஆதாரம் கிடையாது. பையனுக்கு இப்ப வேண்டியது தண்ணிச்சத்து: கஞ்சி, ஓ.ஆர்.எஸ், இளநீர், மோர், எது இறங்குதோ அது. ஒண்ணுக்கு ஒழுங்காப் போறானான்னு பாருங்க. காய்ச்சல் விட்டவுடனே "அப்பாடா"ன்னு அசந்துராதீக. காய்ச்சல் இறங்குற அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் டெங்குல கவனிக்க வேண்டிய நேரம். வயித்துவலி தாங்கலைன்னாலும், விடாம வாந்தி எடுத்தாலும், ஈறுல மூக்குல ரத்தம் கசிஞ்சாலும், பையன் துவண்டு கிடந்தாலும் நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், பழக்கடைக்கு இல்ல. வலி மாத்திரை வீட்ல கிடக்குதேன்னு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் எதையும் கொடுத்துராதீக.

இதை எழுதுற நான் யாருன்னு கேப்பீக. மச்சானோட பழக்கடையில சாயங்காலம் கல்லாவுல உக்கார்ற ஆளு. கிவி வித்தா எங்களுக்கு லாபம். இருந்தும் சொல்றேன்.

அக்டோபர் 22

நேத்து எழுதினதுக்குக் கோவமா நாலு பதில் வந்திருக்கு. "எங்க வீட்ல ஏறுச்சே"ன்னு. ஏறியிருக்கும், நான் இல்லைங்கல. டெங்குல பிளேட்லெட் இறங்கி, மோசமான கட்டம் தாண்டினதும் தானாவே ஏறத் தொடங்கும். நோயோட போக்கே அதுதான். நம்ம ஆளுக கிவி வாங்கி ஓடுறது எப்ப? எண்ணிக்கை நல்லா இறங்கி பயம் வந்த பிறகு. பழம் உள்ள போற நேரமும் எண்ணிக்கை ஏற ஆரம்பிக்கிற நேரமும் ஒண்ணாச் சேர்ந்துருது. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். கிவி தொடாத வீட்லயும் ஏறத்தான் செய்யுது, அதை யாரும் வாட்ஸப்ல எழுதுறதில்ல.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஊர்ல காய்ச்சல் பரவுனா கடையில கிவி விலை ஏறும். இது நான் கல்லாவுல இருந்து பார்க்குறது. முன்ன ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போறவுக ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்குவாக. இப்ப கிவி டப்பா. நோயாளிக்குப் பிடிக்குமான்னு எவரும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்ல.

அக்டோபர் 23

வைட்டமின் சி கணக்கு கேட்டவருக்கு.

பச்சைக் கிவி 100 கிராமுல சுமார் 93 மில்லிகிராம். தோல் நீக்கின ஒரு பழம் 70 கிராம்னு வச்சா 65 வரும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020ல சொன்ன அளவு, ஒரு நாளைக்கு ஆம்பளைக்கு 80, பொம்பளைக்கு 65. ஆக ஒரு பழம் சாப்பிட்டா பெண்களுக்கு அன்னைத் தேவை ஏறக்குறைய முடிஞ்சது. மஞ்சக் கிவியில இன்னும் கூட, 100 கிராமுக்கு 160 வரைக்கும்.

நல்ல பழம்தான். ஆனா கொய்யாவுல 100 கிராமுக்கு 220க்கு மேல இருக்கு. பெரிய நெல்லி அதையும் தாண்டும். சந்தையில கொய்யா என்ன விலை, கிவி என்ன விலை? சத்து மட்டும்தான் நோக்கம்னா கொய்யா வாங்கிட்டுப் போங்க. அதையும் நாங்கதான் விக்கிறோம்.

கிவிக்குன்னு தனியா இருக்குறது வேற. அதை வயித்துப் பிரச்சினை பேசும்போது சொல்றேன்.

அக்டோபர் 25

பழம் பார்த்து வாங்குறது. கேள்வியில பாதி இதுதான், நான் இன்னும் தொடவே இல்ல.

கல்லா இருக்குறது குறை இல்ல. கிவியை மரத்துல பழுக்க விட்டுப் பறிக்கிறதில்ல (மரம்னு சொல்லிட்டேன், அது கொடி, பந்தல்ல படர்றது). கெட்டியா இருக்கும்போதே பறிச்சு, குளிர் அறையில மாசக்கணக்குல வச்சிருந்து, கப்பல்ல அனுப்புறாக. பறிக்கும்போது உள்ள மாவுச்சத்து நிறைய இருக்கும். பழுக்கப் பழுக்க அதுதான் சர்க்கரையா மாறும். அதனால கல்லுப் பழத்தை அறுத்து, "புளிக்குது, உப்பு மொளகாப்பொடி தூவுனாத்தான் இறங்கும்"னு திட்டுறது பழத்தோட தப்பில்ல, அவசரப்பட்டவுக தப்பு.

கடையில செய்ய வேண்டியது: உள்ளங்கையில வச்சு, காம்பு இருந்த முனைக்குப் பக்கத்துல கட்டை விரலால லேசா அமுக்குங்க. கொஞ்சம் இணங்கிக் கொடுத்தா இன்னைக்கே அறுக்கலாம். இணங்கலைன்னா வீட்ல பழுக்க வைக்கணும். விரல் புதைஞ்சா வேணாம். நடு வயித்துல நகத்தை வச்சு அழுத்துறவுகளைப் பார்த்தா மச்சானுக்குக் கோவம் வரும். அழுத்துன இடம் மறுநாள் கன்னிப் போகும், அதை அடுத்து வர்றவர் வாங்கமாட்டார்.

தோல் சுருங்கியிருக்கான்னு பாருங்க, முக்கியமா முனையில. சுருக்கம்னா தண்ணி வத்திப்போச்சு. ஈரத் திட்டு, ஒழுகல், கள்ளு வாடை இருந்தா உள்ள புளிச்சுருச்சுன்னு அர்த்தம். டப்பாவா வாங்கினா கவுத்து அடிப்பக்கம் பாருங்க, அழுகல் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். மேல இருக்குற பழம் எப்பவும் அழகாத்தான் இருக்கும், அடுக்கினவன் வியாபாரி இல்லையா.

பெரிசா சின்னதாங்கிறதுக்கும் ருசிக்கும் சம்பந்தம் இல்ல. நியூசிலாந்துப் பெட்டி மேல 27, 30, 33, 36னு ஒரு எண் இருக்கும். பெட்டிக்கு எத்தனை பழம்ங்கிற கணக்கு அது. எண் கூடக்கூட பழம் சின்னது. வீட்டுக்கு 36 போதும், பெரிய பழத்துக்குக் கூடுதலாக் கொடுக்குற காசு தட்டுல வச்சு அழகு பார்க்கத்தான்.

அக்டோபர் 26, காலை

பழுக்க வைக்கிற விதம். காக்கிக் காகிதப் பையில கிவியோட ஒரு கனிஞ்ச வாழைப்பழத்தையோ ஆப்பிளையோ போட்டு வாய மடிச்சு வைங்க. நம்ம ஊர் வெக்கைக்கு ரெண்டு மூணு நாள்ல இணங்கிரும். தெனம் ஒரு தடவை எடுத்துப் பாருங்க, விட்டா கூழாயிரும்.

என்ன நடக்குதுன்னா, வாழைப்பழம் எத்திலீன்னு ஒரு வாயு விடும். கிவி தானா அதைக் கொஞ்சமாத்தான் விடும், ஆனா வெளியில இருந்து துளி பட்டாலும் உடனே இளக ஆரம்பிச்சிரும். நம்ம பெரியவுக வாழைத்தாரைக் குழியில வச்சு மூட்டம் போட்டாகளே, அந்தப் புகையிலயும் இதே எத்திலீன் உண்டு. இன்னைக்குப் பெரிய மண்டியில அறை கட்டி, எத்திலீன் வாயுவை அளந்து விடுறாக. உணவுப் பாதுகாப்புத் துறை 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு) வரைக்கும் அனுமதிச்சிருக்கு. கார்பைடு கல்லு போடுறதுக்குத்தான் தடை. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி, "எல்லாமே கெமிக்கல்"னு பேச வேணாம்.

அக்டோபர் 26, மதியம்

"அரிசி டிரம்முக்குள்ள புதைக்கலாமா, எங்க அப்பத்தா மாம்பழத்தை அப்படித்தான் வைப்பாக"ன்னு ஒரு கேள்வி. வைக்கலாம், பழுக்கும். உள்ள இருக்குறது கண்ணுக்குத் தெரியாதுங்கிறதுதான் சிக்கல். மறந்துட்டா ஒண்ணு வெடிச்சு அரிசியெல்லாம் பிசுபிசுக்கும். கிவியோட ரோமம் வேற சோத்துல வரும்.

அக்டோபர் 29

எங்க வைக்கிறது?

ஃபிரிட்ஜ்ல. ஆனா பழுக்கும் முன்னயா பின்னயாங்கிறதுல விஷயம் இருக்கு. கெட்டியானது ஃபிரிட்ஜ்ல மூணு நாலு வாரம் தாராளமா நிக்கும். பழுத்தது ஒரு வாரத்துக்குள்ள முடிச்சிருங்க. அதனால ஒரு பெட்டி வாங்குறவுக எல்லாத்தையும் ஒரே பையில பழுக்க வைக்கக் கூடாது. வேண்டிய நாலை வெளியில எடுத்து வாழைப்பழத்தோட வைங்க, மிச்சம் குளிர்ல தூங்கட்டும்.

இன்னொண்ணு, ஃபிரிட்ஜ் காய்கறித் தட்டுல ஆப்பிளும் கிவியும் ஒண்ணா வேணாம். ஆப்பிள் விடுற எத்திலீன் குளிர்லயும் வேலை பார்க்கும். தனிப் பையில போட்டு வேற தட்டுல வைங்க. வைக்கும் முன்ன கழுவ வேணாம், சாப்பிடும்போது கழுவுனாப் போதும். ஈரத்தோட வச்சா பூஞ்சை.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு நான் சொல்ற வழி, ரெண்டு மூணு பழமா வாங்குங்க. பழைய வளவு வீட்ல சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் குளுகுளுன்னு இருக்கும், ரெண்டாங்கட்டு மூலையில ஒரு கூடையில வச்சா மாடி அறையை விடக் கூட ரெண்டு நாள் தாங்கும். அதுக்கு மேல எதிர்பார்க்க வேணாம்.

அறுத்த பழம் மூடின டப்பாவுல ஃபிரிட்ஜ்ல ஒரு நாள், அதுக்குள்ள முடிக்கணும். ஆப்பிள் மாதிரிக் கறுக்காது, அதனால எலுமிச்சை பிழிய வேணாம்.

அக்டோபர் 30

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்காக. பையன் தேறி வீட்டுக்கு வந்துட்டான். கிவி ஒரு துண்டு வாயில வச்சான், புளிக்குதுன்னு துப்பிட்டான், மிச்சத்தை ஆச்சியே சாப்பிட்டாகளாம். நல்லது. ஆச்சிக்கும் பிளேட்லெட் ஏறியிருக்கும்.

நவம்பர் 2

வயித்துச் சமாச்சாரம். எனக்குக் கிவி மேல மரியாதை வந்ததே இதனாலதான்.

எங்க அப்பச்சிக்கு எழுபது தாண்டின பிறகு மலச்சிக்கல் பெரும்பாடு. கடுக்காய்ப் பொடி, இசப்கோல், விளக்கெண்ணெய், எல்லாம் பார்த்தாச்சு. கடையில விக்காம நின்ன பழுத்த கிவியை நான் வீட்டுக்குக் கொண்டாருவேன், வேற யாரும் தொடமாட்டாக, அவுக மட்டும் கரண்டியால தோண்டிச் சாப்பிடுவாக. கொஞ்ச நாள்ல அவுகளாவே கேக்க ஆரம்பிச்சாக, "அந்த முடிப்பழம் இருக்கா?" அப்படித்தான் கவனிச்சோம்.

இதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. நியூசிலாந்து, இத்தாலி, ஜப்பான் மூணு நாட்லயும் ஆள் சேர்த்து, தெனம் ரெண்டு பச்சைக் கிவி நாலு வாரம் கொடுத்து, இசப்கோல் நாரோட ஒப்பிட்டுப் பார்த்தாக. மலச்சிக்கல் உள்ளவுகளுக்கு நல்ல பலன் தெரிஞ்சுது. 100 கிராமுக்கு 3 கிராம் நார், அது தண்ணியை நல்லா இழுத்து உப்பும். போக, ஆக்டினிடின்னு புரதத்தைச் செரிக்கிற ஒரு நொதி பச்சைக் கிவியில இருக்கு. மஞ்சக் கிவியில நாரும் பாதி, ஆக்டினிடினும் ரொம்பக் கம்மி. ஆக சி வைட்டமினுக்கு மஞ்சள், வயித்துக்குப் பச்சைன்னு வச்சுக்கலாம்.

யாரு யோசிச்சுச் சாப்பிடணும்: ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்குறவுக. இதுல வைட்டமின் கே இருக்கு. ஒரு நாள் நாலு, மறுநாள் ஒண்ணுமில்லைன்னு மாத்தி மாத்திச் சாப்பிடாம டாக்டர்ட்ட கேட்டுக்கணும். சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியம் குறைக்கச் சொன்னவுகளும் அப்படித்தான், 100 கிராமுக்கு 312 மில்லிகிராம் இருக்கு, வாழைப்பழத்துக்குக் கிட்டத்தட்ட. சிறுநீரகத்துல ஆக்சலேட் கல்லு வந்தவுகளும் கேட்டுட்டுச் சாப்பிடுங்க.

சர்க்கரைக்காரவுக ஒரு பழம் சாப்பிடலாம். கார்போஹைட்ரேட் 10 கிராம்தான் வரும். மூணு இட்லிக்கு மேல ஒரு கிவி, அதுக்கு மேல ரெண்டு பால் பணியாரம்னு போனா கிவியைக் குத்தம் சொல்லக் கூடாது.

நவம்பர் 3

தூக்கத்துக்கும் நல்லதாமேன்னு கேட்டாக. தைவான்ல 2011ல ஒரு ஆய்வு. தூக்கம் சரியில்லாத 24 பேர், படுக்க ஒரு மணி நேரம் முன்ன ரெண்டு பழம், நாலு வாரம். சீக்கிரம் தூங்குனாகன்னு வந்துச்சு. ஆனா கிவி சாப்பிடாத இன்னொரு குழுவை வச்சு ஒப்பிட்டுப் பார்க்கல. அப்ப தூங்க வச்சது கிவியா, "நமக்கு ஒண்ணு கொடுக்குறாக"ங்கிற நினைப்பான்னு எப்படிச் சொல்றது? ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போனைக் கையில வச்சுக்கிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கீக, நேரம் மேல தெரியுது.

நவம்பர் 8

மக கிவி மில்க் ஷேக் போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சா, பள்ளிக்கூடம் விட்டு வந்து குடிச்சவ கசக்குதுன்னு முகம் சுளிச்சா. பால் கெட்டுப் போகல. முன்ன சொன்ன ஆக்டினிடின்தான், பாலோட புரதத்தை வெட்டி வெட்டிக் கசக்க வச்சிருது. தயிரும் அப்படித்தான். அரைச்சவுடனே குடிச்சா தெரியாது, வச்சா தெரியும். வழி: கிவிக் கூழைக் கொஞ்சம் சூடு பண்ணி ஆற வச்சுச் சேருங்க. சூட்டுல நொதி செத்துரும், வைட்டமின் சியும் கொஞ்சம் போகும். இல்லைன்னா மஞ்சக் கிவி.

ஜெலட்டின் ஜெல்லியில பச்சையாப் போட்டா இறுகவே இறுகாது. ஜெலட்டின் புரதம். நோன்புக் காலத்துல இளையான்குடிப் பக்கம் காய்ச்சுறாகளே கடல்பாசி, அதுல போட்டா அழகா உறையும். பாசி புரதம் இல்ல, நொதிக்கு அங்க வேலை இல்ல. பச்சை வில்லை வில்லையாத் தெரியும், பார்க்கவும் நல்லாருக்கும்.

அதே குணத்தைக் கறிக்குப் பயன்படுத்தலாம். முத்துன ஆட்டுக்கறிக்கு நம்ம சமையல்காரவுக பப்பாளிக்காய் போடுவாகல்ல? கிவியும் அதே வேலையைச் செய்யும். ஒரு கிலோ கறிக்கு அரைப் பழம் மசிச்சுப் பிசிறி அரை மணி நேரம், போதும். ராத்திரி முழுக்க ஊற வச்சா உப்புக்கறி இல்ல, உப்புக்களிதான் கிடைக்கும். எங்க வீட்ல ருசி வித்தியாசம் கண்டுபிடிக்கல யாரும். ஆனா பத்து ரூபாய் பப்பாளிக்காய் கொல்லையில தொங்கும்போது அம்பது ரூபாய் கிவி எதுக்குன்னு வீட்டுக்காரி கேட்டா, பதில் இல்ல.

நவம்பர் 9

கிவி போட்டு மண்டிக் குழம்பு வைக்கலாமான்னு கேட்ட அன்பருக்கு. அரிசி கழுவுன தண்ணி, புளி, மொச்சை, பச்சமொளகாய், அதுல கிவியா? மாங்காய் மண்டி இருக்குறப்ப கெட்டிக் கிவி போட்டாலும் புளிப்பு ஒத்துப்போகும்னுதான் தோணுது. நான் செஞ்சு பார்க்கப்போறதில்ல. இனிப்புப் பச்சடி வேணா நல்லா வரும், வெல்லம் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க.

நவம்பர் 15

நாக்கு அரிக்குதுன்னு ரெண்டு பேர் சொல்லியிருக்கீக. லேசா குறுகுறுன்னா, பழத்துல இருக்குற ஊசி மாதிரியான நுண்ணிய ஆக்சலேட் படிகமும் ஆக்டினிடினும் காரணமா இருக்கலாம். நல்லாப் பழுத்ததுல குறையும். உதடு வீங்குது, தொண்டை அடைக்குது, உடம்பு தடிக்குதுன்னா அது ஒவ்வாமை. திரும்பத் தொடவே கூடாது, டாக்டர்ட்ட காட்டணும். ரப்பர் கையுறை, பலூன் ஒத்துக்காதவுகளுக்கு வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம், கிவி சிலருக்கு ஒத்துக்காமப் போறது தெரிஞ்ச விஷயம். சின்னப் புள்ளைக்கு முதல் தடவை கொடுக்கும்போது துளி கொடுத்துட்டுப் பாருங்க.

தோலோட சாப்பிடலாமா? சாப்பிடலாம், நார் கூடும். துணியால அழுத்தித் தேய்ச்சுக் கழுவி ரோமத்தைப் போக்கணும். என்னால முடியல, பல்லு கூசுது. மஞ்சக் கிவித் தோல் வழவழன்னு இருக்கும், அது பரவாயில்ல.

டிசம்பர் 6

பொருட்காட்சியில கிவிச் செடி 400 ரூபாய்னு விக்கிறாகளாம், தேவகோட்டையில ஒருத்தர் வாங்கிட்டு வந்து எங்க நடுறதுன்னு கேக்குறாக. தொட்டியில நட்டு இலையை ரசிங்க. காய்க்காது. கொடி பூக்கணும்னா குளிர்காலத்துல 7 டிகிரிக்குக் கீழ 700, 800 மணி நேரம் வேணும். நம்ம ஊர் மார்கழியில 20க்குக் கீழ போனாலே போர்வை தேடுறோம். 1960ல பெங்களூர் லால்பாக்ல வச்சுப் பார்த்தாக, அங்கயே காய்க்கல. பிறகு 1963ல சிம்லாவுல நட்டு 1969ல காய் பிடிச்சுது. இன்னைக்கு நாட்டுல அதிகம் விளையிறது அருணாசலப் பிரதேசத்துல, சீரோ பள்ளத்தாக்குக் கிவிக்கு 2020ல இயற்கை வேளாண்மைச் சான்றும் கிடைச்சுது. ஆண் கொடி தனி, பெண் கொடி தனி, எட்டுப் பெண்ணுக்கு ஒரு ஆண் கணக்குல நடணும். விக்கிறவர்ட்ட இது ஆணா பெண்ணான்னு கேட்டீகளா?

பழத்தோட பூர்வீகம் சீனா. 1904ல இசபெல் பிரேசர்னு ஒரு தலைமையாசிரியை விதையை நியூசிலாந்துக்குக் கொண்டுபோனாக, 1910ல அங்க காய்ச்சுது. பர்மாத் தேக்கு நம்ம முகப்புத் தூணா நிக்கிற மாதிரி, போன இடத்துல பேர் வாங்கிருச்சு.

உள்நாட்டுப் பழம் ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வரும். சின்னதா, ஒரே அளவா இல்லாம இருக்கும். விலை குறைவு. பழுக்க வச்சுச் சாப்பிட்டா ருசியில குறை சொல்ல முடியாது. ஒட்டுச்சீட்டு இல்லைங்கிறதுக்காக ஒதுக்காதீக.

ஏப்ரல் 12

வெயில் கொளுத்துது. இப்ப கடை வாசல்ல அடுக்கின கிவியை வாங்காதீக, உள்ள குளிர்ல இருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்க. வெக்கையில தோல் சுருங்குது, உள்ள ஒரு பக்கம் கூழ், ஒரு பக்கம் கட்டி. நியூசிலாந்துல பங்குனி, சித்திரைதான் அறுவடை. புதுச் சரக்கு வந்த பிறகு வாங்குறது நல்லது.

பச்சைப் பசேல்னு உலர் கிவி வாங்கி "பழம்தானே"ன்னு புள்ளைகளுக்குக் கொடுக்குறவுக பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. பெரும்பாலும் சர்க்கரைப் பாகுல ஊறுனது, நிறமும் சேர்த்திருப்பாக. அதை மிட்டாய்க் கணக்குல எழுதுங்க.

மே 20

கண்டனூர்ல தன் அப்பச்சிக்கு மணிவிழா, சீர்த்தட்டுலயும் விருந்துலயும் கிவி வைக்கணும், எப்ப வாங்குறதுன்னு கேட்டவருக்கு. தட்டுக்கு வேற, இலைக்கு வேற. தட்டுக்குக் கெட்டியானதையே வைங்க, ரெண்டு நாள் ஆளாளுக்குத் தொட்டாலும் தாங்கும், அப்புறம் பங்கு பிரிச்சுக் கொடுக்கலாம். விருந்துக்கு உள்ளதைப் பத்து நாள் முன்ன பெட்டியாச் சொல்லி வாங்கிக் குளிர்ல போடுங்க. விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது வெளியில எடுத்து, பெட்டிக்கு நாலஞ்சு கனிஞ்ச வாழைப்பழம் வச்சு மூடுங்க, ரெண்டாவது நாள்ல இருந்து கையால பாருங்க. முந்திக்கிட்டது எல்லாம் திரும்பவும் ஃபிரிட்ஜுக்கு. தோலைச் சீவாம குறுக்க ரெண்டா வெட்டிக் கரண்டியோட வச்சா பாதி வேலை மிச்சம், பந்தியில ஓடுறவுக உங்களை வாழ்த்துவாக. ஃபுரூட் சாலட்ல கஸ்டர்டு ஊத்துறதா இருந்தா கிவியைக் கடைசி நிமிஷத்துல மேல தூவச் சொல்லுங்க. பெட்டிக்கு என்ன விலைன்னு இங்க கேக்க வேணாம், அது மச்சான் சொல்ற விலை.